வாலும் தறிக்குழியும்

இன்று தேவிகாபுரம் பேருந்தில், பக்கத்தில் அமர்ந்திருந்த அம்மாள் கொரோனாவில் இறந்த தன் கணவரின் கைபேசியை நீட்டினார். "இதுல இருக்கிறது நெசமாங்க?"

திரையில் ஒரு வாட்ஸ்அப் செய்தி: "தடுப்பூசி மருந்தைச் சுமந்து வருவது சிம்பன்சி வைரஸ். போட்டுக்கொண்டால் வால் முளைக்கும், நெசவாளர்கள் காலை இறக்கித் தறிக்குழியில் உட்கார முடியாது."

"வேடிக்கைக்கு எழுதினதும்மா. அந்த வைரஸ் நம்ம உடம்புல பெருகாதபடி மாத்தித்தான் ஊசியில வெக்கிறாங்க."

"அவரும் சிரிச்சாரு. ஆனா, 'தறியில உக்காரணுமே, எதுக்கு வம்பு'ன்னு ஊசிய தள்ளிப் போட்டுகினே இருந்தாரு."

அதை எழுதியவன் நான் என்று சொல்லாமலே இறங்கிவிட்டேன்.

வைரஸைப் பெருகாமல் முடக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். என் வாக்கியம் நான்கு ஆண்டுகளாகப் பெருகிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கும் வந்திருக்கும். எத்தனை பேருக்கு அனுப்பினீர்கள்?