பாதி டாங்க்

லண்டன் செவன் கிங்ஸ் பெட்ரோல் பங்கில் பணம் கட்ட வரிசையில் நிற்கிறேன். தொலைக்காட்சியில் ரஷ்ய விமானங்கள் ஜார்ஜியா மீது குண்டு வீசுகின்றன. காஸ்பியன் எண்ணெயை மேற்கே கொண்டுவரும் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு குண்டு விழுந்ததாம். வெள்ளைக்காரர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கேனோடு நிற்பவர்கள் எல்லோரும் இலங்கைத் தமிழர்கள்.

"அக்கா, சண்டை எங்கையோ நடக்குது. இஞ்சை வராது," என்கிறார் கல்லாவில் இருக்கும் தமிழர், எனக்கு முன்னால் நிற்கும் பெண்ணிடம்.

"யாழ்ப்பாணத்திலையும் முதல் அப்பிடித்தான் சொன்னவை, தம்பி. பிறகு பெட்ரோல் இல்லாமல் மண்ணெண்ணெயிலை எல்லோ மோட்டச்சைக்கிள் ஓடினனாங்கள்."

அந்த அம்மா கேனைத் தூக்கிக்கொண்டு போனதும் கல்லாக்காரர் தன் மனைவியைக் கைபேசியில் கூப்பிடுகிறார்.

"காரைக் கொண்டு வாரும். பாதி டாங்க் இருந்தாலும் பறவாயில்லை, இப்பவே வாரும்."