தவசி திறந்த வாசல்

கொத்தனார் தவசிக்கு நடந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும். விளாங்குடிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் அப்போது உதவி வாத்தியார். அதற்கும் எழுபது வருஷத்துக்கு முன் பாதிரி ஒருவர் கட்டியது; இரண்டு முழ அகலச் சுவர், காரைத் தளம். அதை விலைக்கு வாங்கியவரின் மகன் சின்னச்சாமிதான் மேனேஜர். சேரிப் பிள்ளைகள் ஆறு பேர் மேற்குச் சன்னலுக்கு வெளியே, வெயிலில் உட்கார்ந்து பாடம் கேட்பார்கள். இதற்குப் பெயர் படிப்பாம்!

ஆறு பேரில் ஒருத்தி தவசியின் மகள் இருளாயி. நான் கணக்குக் கேட்டால், உள்ளே இருப்பவர்கள் விரலை மடக்குவதற்குள் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து விடை வந்துவிடும்.

1936 ஆடியில் இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது. பிள்ளைகள் வெளியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் சர்க்கார் தரும் கிராண்ட் பணம் நின்றுவிடும். உள்ளே கூப்பிட்டால் தீர்ந்தது. சின்னச்சாமிக்கு அந்தப் புத்தி எங்கே இருந்தது? தவசியையே வரச் சொன்னான்.

"சன்னல அடைச்சுப் பூசிருடா. ஒம் மகளையும் சேத்து அந்த ஆறு உருப்படியும் இனிமே இந்தப் பக்கம் வரக் கூடாது."

பெற்ற தகப்பன் கையாலேயே! நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

புதுச் செங்கல் பிடிப்பதற்காகத் தவசி பழைய பூச்சைக் கொத்தினார். பாதியில் கை நின்றது. சுவர் முழுக்கச் சுண்ணாம்புக் கட்டு. சன்னலுக்குக் கீழே மட்டும் வெறும் மண் சாந்து, பின்னால் அடைத்தது. தரையைத் தோண்டினார். வாசற்படிக் கல் ஒன்று, நடுவில் கால் பட்டுத் தேய்ந்து குழிந்திருந்தது. அந்தப் பக்கம் இருப்பது சேரி மட்டும்தான்.

"வாத்தியாரய்யா, இது சன்னலே இல்ல. எங்க ஆளுக நடந்த வாசலு!"

சின்னச்சாமி வந்தபோது கம்பியும் மண் கட்டும் கீழே கிடந்தன.

"அடைக்கச் சொன்னா ஒடைச்சா வச்சிருக்க?"

"ஒடைக்கலங்கய்யா. ஒங்கப்பாரு அடைச்சத எடுத்தேன். எம் மகளத் தடுக்க நான் கொத்துக்கரண்டி பிடிக்க மாட்டேன்."

அதன் பிறகு அந்த வட்டாரத்தில் ஒருவரும் தவசிக்கு வேலை கொடுக்கவில்லை. மதுரைக்கு நடந்தே போய்ப் பிழைத்தார்.

வேறு கொத்தனார் கிடைப்பதற்குள், வாசல் திறந்த மறுநாள் காலையே இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். சின்னச்சாமி கொஞ்சமும் கூசவில்லை. "எல்லாப் பிள்ளைகளும் வரட்டும்னு நான்தாங்க தெறந்து விட்டேன்" என்றான். வெளியே நின்ற இருளாயியைப் பார்த்து, "உள்ள வா தாயி" என்று வேறு கூப்பிட்டான். இன்ஸ்பெக்டர் அதை மெச்சி எழுதினார். எழுதியபின் அவனால் அந்த வாசலை அடைக்க முடியுமா?

இருளாயி அந்தக் குழிந்த கல்லை மிதித்து உள்ளே வந்தாள்.

"எங்க உக்காரட்டும் வாத்தியாரய்யா?"

மூன்று வருஷம் பாடம் சொன்னவன், இடம் காட்டக் கை எழாமல் நின்றேன். அவளே போய் முன் வரிசையில் உட்கார்ந்தாள்.