உட்கார்ந்து செய்யும் வேலை

ஸ்லைடு போடவும் வீடியோ மீட்டிங்கில் பேசவும் சொல்லித்தருவது என் தொழில். 'நான் பேசறது கேக்குதா?' என்று தினமும் கத்தியே தொண்டை போனவள் நான். நீங்களும் அப்படிக் கத்தியிருந்தால் என் கஷ்டம் புரியும்.

நிற்கிறவர்

மயிலாப்பூர் மாடவீதிக்குப் பின்னால் மாடியில் ஒற்றை அறைதான் என் வகுப்பு. அங்கே வந்தார் மல்லிகா. தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் பதினாலு வருஷமாகப் புடவைப் பிரிவில் நிற்கிறவர். கடை திறந்ததிலிருந்து மூடும்வரை நின்று நின்று, கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு கிடந்தது.

வீடியோ காலில் புடவை விற்கும் பிரிவு ஒன்றைக் கடையில் தொடங்கப்போகிறார்களாம். அதை எப்படி நடத்தலாம் என்று ஸ்லைடு போட்டு முதலாளிக்கு விளக்க வேண்டும். அவருக்குப் பிடித்தால் பொறுப்பு மல்லிகாவுக்கு. அந்த வேலை மேல் ஏன் இவ்வளவு ஆசை என்று கேட்டேன்.

"அது உக்காந்து செய்யற வேலை மிஸ்."

எண்பத்திரண்டு

பத்து நிமிஷப் பேச்சுக்கு எண்பத்திரண்டு ஸ்லைடு போட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு புடவை. பத்து போதும் என்றேன். முகம் வாடிவிட்டது.

"பத்து காட்டினா, இவ்ளோதானான்னு எழுந்து போய்டுவாங்க மிஸ்."

மடித்து வைத்தது

அதே கடையின் அடையாறு கிளையில் வேலை செய்யும் மல்லிகாவின் தோழி கீதாவும் அந்த ஸ்லைடு ஃபைலைத் தன் வீட்டிலிருந்து திறந்து பார்த்துத் திருத்தம் சொல்லுவார். மீட்டிங் அன்று காலையில் திறந்தால், ஃபைல் காலி. கீதாவுக்கு போன் போட்டேன். அவர் தொடவே இல்லையாம்.

அழித்தது மல்லிகாவேதான். முந்தின நாள் கீதா ஒவ்வொன்றாகப் பார்த்து 'நல்லாருக்கு' என்று சொல்லச் சொல்ல, இவர் ஒவ்வொன்றாக அழித்திருக்கிறார். நல்லவேளை, அந்த ஃபைல் தன் பழைய வடிவத்தைப் பத்திரமாக வைத்திருந்தது. அதை மீட்டுக்கொண்டே கொஞ்சம் கடிந்துகொண்டேன். அவர் துளியும் அசரவில்லை.

"பாத்துட்டாங்கன்னா மடிச்சு வெச்சுடணும் மிஸ். பிரிச்சுப் போட்டுக்கினே இருந்தா சூப்பர்வைசர் திட்டுவாரு."

முதலாளி வந்தார்

மீட்டிங்கை என் அறையிலிருந்தே நடத்தினோம். பெசன்ட் நகர் வீட்டிலிருந்து முதலாளி திரையில் தோன்றியதுதான் தாமதம், மல்லிகா எழுந்து நின்றுவிட்டார். கேமராவில் அவருடைய புடவைக் கொசுவம் மட்டும்தான் தெரிந்தது. ஓரமாக இருந்து முந்தானையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். நகரவில்லை. எந்த வெளிச்சத்தில் காட்டினால் பட்டின் நிறம் மாறாது, பார்டரை எப்போது காட்ட வேண்டும் என்று நின்றபடியே அழகாகச் சொல்லிக்கொண்டு போனார். மூன்றாவது ஸ்லைடில் முதலாளி தொண்டையைச் செருமினார்.

"நல்லாத்தான் சொல்லுத. மூஞ்சிதான் தெரியல. நாற்காலி இருக்குல்லா, உக்காந்து சொல்லும்மா."

மறுநாள்

வேலை கிடைத்துவிட்டது என்று ஜாங்கிரியோடு வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரோ அந்த வேலையைப் பற்றி அதற்குமேல் பேசவே இல்லை.

"பதினாலு வருஷத்துல மொதலாளி என்னை உக்காரச் சொன்னது இதான் மிஸ் மொதோ தபா."

மைக்கை எப்போது அணைப்பது, கேமராவை எங்கே வைப்பது என்றெல்லாம் பாடம் நடத்திய நான், நாற்காலியில் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதைச் சொல்லித்தர மறந்ததுதான் இந்தத் தொழிலில் நான் செய்த ஒரே நல்ல காரியம்.