ரேஷன் அட்டையில் ஐந்தாவது பெயர்: திருவனந்தபுரத்தில் தங்கும் அனுமதியைப் புதுப்பித்த ஆறு நாட்கள்

நான் பிறந்தது மலேசியாவில், கிள்ளானில். கையில் இருப்பதும் அந்த நாட்டுக் கடவுச்சீட்டுதான். அப்பா இறந்தபின் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரம் செய்யும் தன் அண்ணன் வீட்டுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. அம்மா இந்தியக் குடிமகள். என் அனுமதியை மட்டும் வருடந்தோறும் நீட்டிக்க வேண்டும். இதுவரை அம்மா பார்த்துக்கொண்டார். பதினாறு முடிந்துவிட்டதால் இந்த முறை நானும் நேரில் வர வேண்டும் என்றார்கள். 2006 ஜூன் முப்பதோடு பழைய அனுமதி முடிவதாக இருந்தது. நீட்டிக்காவிட்டால் நான் தனியாகக் கிள்ளானுக்குப் போக வேண்டும். அங்கே இருக்கும் அத்தையின் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை.

இதை எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. "வெளியில ஒருத்தர்ட்டயும் மூச்சு விடாண்டாம்" என்று மாமா சொல்லியிருக்கிறார். மோடம் கத்துவது கேட்காமலிருக்க அதன்மேல் தலையணையை அமுக்கிவிட்டுத் தட்டச்சு செய்கிறேன். என்னைப் போன்ற பிள்ளைகள் வேறு ஊரிலும் இருப்பார்கள். நான் தேடியபோது தமிழில் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஜூன் 21, புதன்கிழமை. காலை 9.40க்கு மாமா, அம்மா, நான் மூவரும் கிழக்கேக்கோட்டையில் ஆட்டோ பிடித்தோம். அலுவலகம் மூன்று கிலோமீட்டர், பதினெட்டு ரூபாய். நல்ல மழை. அம்மா எனக்குப் புதுச் சுடிதார் போட்டு, பூவும் வைத்துவிட்டிருந்தார். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

"எந்தா அண்ணாச்சி, பெண்ணுகாணல் ஆணோ?"

"பெண்ணு பாக்கவும் இல்ல, மாப்பிள பாக்கவும் இல்ல. போலீஸுகாரன் ஆபீஸு. வெளிநாட்டுக்காரங்க பதியுத எடம்" என்றார் மாமா.

அதன்பின் ஓட்டுநர் கண்ணாடியைப் பார்க்கவேயில்லை.

மாமாவின் மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் எங்கள் ரேஷன் அட்டை. எங்கள் கடைத்தெருவில் கேஸ் இணைப்பு, தொலைபேசி, பள்ளிச் சேர்க்கை எதற்குப் போனாலும் முதலில் நீட்டுவது அதைத்தான். நான் வந்த மறுவருடமே மாமா என் பெயரையும் அதில் சேர்த்துவிட்டார். மாமா, மாமி, அவர்கள் மகள், அம்மா, ஐந்தாவது நான். வீட்டுப் பிள்ளைக்கு அட்டையில் இடம் இல்லாமல் எப்படி என்பது அவர் நியாயம்.

பதினோரு மணிக்கு எங்கள் முறை வந்தது. அதிகாரி நரைத்த மீசைக்காரர். கடவுச்சீட்டு, பள்ளிச் சான்று, நான்கு புகைப்படம், அம்மாவின் உறுதிமொழிக் கடிதம் எல்லாம் சரியாக இருந்தன. வீட்டு முகவரிக்கு ஏதாவது உண்டா என்று கேட்டார். மாமா பெருமையாக ரேஷன் அட்டையை நீட்டினார்.

அதிகாரியின் விரல் பெயர்களின்மேல் இறங்கி ஐந்தாவதில் நின்றது.

"இதாரா?"

"இவதான் சாரே, எம் மருமவ!"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். பாதித் தமிழில் சொன்னார்: "அண்ணாச்சி, இது இந்தியக்காரருக்கு உள்ள கார்டு. இவள் மலேசியக்காரி என்னு நிங்கள்தானே எழுதித் தந்நிருக்கு?"

மாமாவின் முகம் வெளுத்தது. அட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இல்ல சாரே... அது வேற பிள்ள. சொந்தத்துல ஒண்ணு. அதுக்கும் இதே பேருதான்."

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி என் பக்கம் திரும்பினார். "மோள் பற. இது ஆராணு?" இது யார் என்று என்னையே சொல்லச் சொன்னார்.

ஆட்டோவிலேயே மாமா என்னை வாய் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். உண்மையைச் சொன்னால் அன்றே அனுப்பிவிடுவார்களோ என்று பயம். பொய் சொன்னால், இல்லாத ஒரு பெண்ணை வருடாவருடம் இங்கே கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

"நான்தான் சார்" என்றேன்.

அதிகாரி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அவர் ஒரு துண்டுத்தாளில் எழுதினார். "தெற்று பற்றிப்போயி, தப்பு நடந்து போச்சு. திருத்தலாம். சப்ளை ஆபீஸில் போயி இவளுடெ பேரு வெட்டிட்டு, அதுக்கு லெட்டர் வாங்கிட்டு வாங்க. திங்களாழ்ச்சைக்கு உள்ளில். அண்ணாச்சி, இனி வேற பிள்ளயக் கொண்டு வரண்டா."

வெள்ளிக்கிழமை, ரேஷன் அட்டை வழங்கும் தாலுகா சப்ளை அலுவலகம். வெள்ளைத்தாளில் மனு, ஐந்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். இரண்டு மணி நேரம் நின்றோம். அங்கிருந்த பெண் எழுத்தர் பேனாவைத் திறந்தார்.

"பேரு வெட்டான் காரணம்? கல்யாணமோ, மரணமோ?"

"ரெண்டும் இல்ல மேடம்."

"வேற வீட்டுக்குப் போயோ?"

"எங்க வீட்லதான் இருக்கா. இன்னா நிக்கா."

"வீட்டில் இருக்கிற பிள்ளயை எந்தினா வெட்டுந்நது?"

அதிகாரி எழுதித் தந்த துண்டுத்தாளை நான் நீட்டினேன். எழுத்தர் அதைப் படித்துவிட்டு அடிக்கோலை வைத்து என் பெயரின்மேல் சிவப்பு மையில் கோடு போட்டு முத்திரை குத்தி, கடிதமும் தந்தார். வெளியே வந்ததும் மாமா எனக்கு மட்டும் நாரங்காவெள்ளம், எலுமிச்சைச் சாறு, வாங்கிக் கொடுத்தார். தனக்கு வாங்கிக்கொள்ளவில்லை.

திங்கள் பிற்பகல் 3.20க்கு ஒரு வருட நீட்டிப்பு கிடைத்தது.

போகப்போகிறவர்களுக்கு: கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள், நாங்கள் செய்த தவறு அதுவும்தான். எல்லாத் தாளிலும் இரண்டு நகல், முடிந்தால் மூன்று. காலை பத்துக்கு முன் போய்விடுங்கள். வீட்டார் அன்பினால் உங்கள் பெயரை எந்தெந்தத் தாளில் சேர்த்திருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். அவர்களிடம் கோபப்படாதீர்கள். அங்கே கேள்வி கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். எனக்கு இன்னும் பயம் போகவில்லை. அடுத்த ஜூன் வரும், அதற்கடுத்ததும் வரும். ஆனாலும் அங்கே சொல்ல என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது, அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நேற்று ரேஷன் கடைக்கு மாமாவோடு நானும் போனேன். சர்க்கரை தலைக்கணக்கில்தான் தருவார்கள். கடைக்காரர் தட்டில் அள்ளிக்கொண்டே, "எத்தர ஆளு அண்ணாச்சி?" என்றார்.

"அஞ்சு."

கடைக்காரர் அட்டையைப் பிரித்தார். சிவப்புக் கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாமா பையின் வாயை விரித்துப் பிடித்தபடி நின்றார்.

"நாலு" என்றேன் நான்.