அக்காவுக்குத் திறக்காத பக்கம்

எதிர்வீட்டு அக்காவின் போனில் வலது மூலை சில்லுச் சில்லாக உடைந்திருக்கும். அதன் மேல் செலோடேப் ஒட்டியிருப்பாள். அன்று காலை அந்தப் போனை முந்தானையால் துடைத்து என்னிடம் நீட்டினாள். "தம்பி, இது ரெண்டு நாளா தொறக்கவே மாட்டேங்கு. என்னன்னு பாரேன்" என்றாள். பார்த்தேன். திறக்காமல் இருந்தது என்னுடைய இணையதளம். அதை அவளுக்குத் திறக்காமல் செய்தவனும் நான்தான்.

நான் அப்போது தூத்துக்குடியில் ஒரு தோணி ஏஜென்ட் ஆபீசில் குமாஸ்தா. மாலத்தீவுக்கு அரிசியும் காய்கறியும் செங்கல்லும் ஏற்றிப் போகும் தோணிகளின் சேதி முதலில் எங்கள் மேசைக்குத்தான் வரும். எது புறப்பட்டது, எது அங்கே மாலித் துறைமுகம் சேர்ந்தது என்று ஒரு தளத்தில் எழுதிப் போடத் தொடங்கினேன். பக்கத்தின் மேலும் கீழும் விளம்பரப் பட்டைகள். எத்தனை பேர் பார்த்தார்களோ அதற்குத் தகுந்தபடி விளம்பர நிறுவனம் மாதாமாதம் ஏதோ கொடுக்கும். ஆபீஸ் சேதியை வெளியே விடுகிறேன் என்று முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்பதால் என் பெயரை எங்கும் போடவில்லை. உண்மையைச் சொன்னால், பணத்தைவிட வந்து பார்த்தவர்களின் எண்ணிக்கைதான் எனக்குப் பெரிது. அம்மா போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை. இன்றைக்கு இருநூறு பேர் வந்தார்கள் என்று திரை சொன்னால், விருந்தாளி வந்துபோன மாதிரி இருக்கும். என் பக்கத்திலேயே எனக்கு வரன் தேடித் தரும் விளம்பரம் வேறு ஓடும். அதற்கு மட்டும் நான் பிடிகொடுக்கவில்லை.

அக்காவின் கணவர் தண்டல், அதாவது தோணியின் தலைவர். கடலில் இருப்பவரைப் பற்றி அக்கா யாரிடமும் வாய்விட்டு விசாரிக்க மாட்டாள். விசாரித்தால் ஆகாது என்று அவள் வீட்டில் ஒரு நம்பிக்கை. ஏஜென்ட் ஆபீசில் இருக்கும் என்னிடம்கூட ஒரு நாளும் கேட்டதில்லை. தளம் வந்த பிறகுதான் அவளுக்கு நிம்மதி. "எவனோ ஒரு நல்ல பையன் போடுதான் தம்பி. ஆரையும் கேக்க வேண்டாம், நாமளே பாத்துக்கிடலாம்" என்பாள். நான் ஒன்றும் தெரியாதவன்போலத் தலையாட்டுவேன்.

ஒருமுறை காற்று மாறி அடித்ததில் தண்டலின் தோணி நாலைந்து நாள் பிந்தியது. அந்தச் சமயத்தில் விளம்பர நிறுவனத்திலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல். ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரே பக்கம் நாளெல்லாம் நூற்றுக்கணக்கான முறை திறக்கப்படுகிறது, இது பொய்ப் பார்வை, தொடர்ந்தால் கணக்கை மூடிவிடுவோம் என்றது. வேண்டாதவன் எவனோ என்னை ஒழித்துக்கட்டப் பார்க்கிறான் என்று ஆத்திரம் வந்தது. வேலைவெட்டி இல்லாமல் ஒரு பக்கத்தை இத்தனை முறை யார் பார்ப்பார்கள்? அந்த இணைப்பைக் கண்டுபிடித்து, இனி உள்ளே வர முடியாதபடி அடைத்தேன். அன்று மாலையே தோணி மாலி சேர்ந்தது. எழுதிப் போட்டேன். கரையிறங்க அனுமதி கிடைக்கும்வரை தண்டலால் வீட்டுக்குப் பேச முடியாது. ஆனாலும் அக்கா தளத்தில் பார்த்திருப்பாள் என்று இருந்துவிட்டேன்.

அன்று காலை அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, தோணி முந்தாநாளே மாலி சேந்துட்டு" என்றேன். அவள் அப்படியே என் வீட்டுப் படியில் உட்கார்ந்தாள். அழவில்லை.

"அவுக தோணி முங்கிட்டு, அதைச் சொல்ல மனசு வராமத்தான் அந்தப் பையன் பக்கத்தையே மூடிட்டான்னு நெனச்சேன்."

சர்வரில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் அடைப்பை எடுத்தேன். எனக்குக் கூசியது. அன்றே விளம்பரங்களையும் எடுத்துவிட்டேன் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். எடுக்கவில்லை. இன்றும் ஓடுகின்றன, பார்க்கத்தான் ஆளில்லை. தோணிச் சேதியெல்லாம் இப்போது வாட்ஸ்அப் குழுக்களில் வந்துவிடுகிறது. சில நாள் நாலு பேர் வருகிறார்கள். அதில் ஒருவன் நானாக இருப்பேன்.

தண்டல் கடலை விட்ட பிறகு, ஏரலில் இருக்கும் மகள் வீட்டோடு இருவரும் போய்விட்டார்கள். புறப்பட்ட அன்றாவது சொல்லிவிட வேண்டும் என்று தெருவில் இறங்கி நின்றேன். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த அக்கா தலையை வெளியே நீட்டினாள்.

"தம்பி, அந்தப் பையன் ஆருன்னு உனக்கு எப்பவாது தெரிஞ்சா சொல்லு. கோயில்ல அவனுக்கும் சேத்துத்தான் வேண்டிக்கிடுதேன்னு."

"சரிக்கா, சொல்லுதேன்" என்றேன்.