பின்சீட்டில் ஓர் உதறல்

கியர் ஆயிலுக்கு ஒரு நாற்றம் உண்டு. அழுகத் தொடங்கிய பூண்டையும் தீக்குச்சி மருந்தையும் சேர்த்து அரைத்தது போல. யாராவது வண்டிக்கு அதை மாற்றிக்கொண்டிருக்கும் தெருவைக் கடந்தால் போதும், என் கழுத்தின் பின்புறம் கூசும். அங்கேதான் என் மனைவியின் பேச்சு வந்து படும்.

வீட்டில் நாங்கள் அதிகம் பேசுவதில்லை. சண்டை ஒன்றுமில்லை, அவள் விடைத்தாள்களில், நான் என் புத்தகங்களில். பேச்செல்லாம் உப்பளத்து வீட்டிலிருந்து ரெட்டியார்பாளையத்தில் அவள் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் வரைக்கும்தான். பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டால் அக்கா மகள் கல்யாணம், விடிகாலையில் கண்ட கனவு, எல்லாம் வரும். அவளுக்கு இடுப்பு வலி வந்ததும் அது நின்றுபோனது.

என்னுடையது பழைய ஜெர்மன் மோட்டார் சைக்கிள். பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று ஊர் திரும்பிய ஒரு சொல்தா கொண்டுவந்தது. அதற்குச் செயின் கிடையாது. எஞ்சினின் சுழற்சியை ஷாப்ட் என்கிற இரும்புத் தண்டு பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும். கடற்காற்றில் ஊரார் வண்டிச் செயினெல்லாம் துருப்பிடிக்கையில் எனக்கு உள்ளூரப் பெருமை. ஆனால் ஆக்ஸிலேட்டரை விட்டுத் திருகும்போதெல்லாம் ‘டங்’ என்று ஓர் உதறல். நேரே அவள் இடுப்பில் போய் இறங்கும்.

“நான் பஸ்லயே போயிக்கிறேன்” என்றாள்.

லேத் பட்டறை வைத்திருக்கும் பாய் என் சிநேகிதர். குருசுக்குப்பத்துப் படகு எஞ்சின்கள்தான் அவருக்குப் பிழைப்பு. “ஷாப்ட்டுதானே மாமா, படகுலயும் இதான்” என்று பின்பக்கத்தைக் கழற்றி, படகுக்குத் திணிப்பது போலவே கெட்டி கிரீஸை அள்ளித் திணித்தார். உதறல் போனது. மனைவியைக் கெஞ்சி ஏற்றினேன். சில காலைகள் பேச்சு ஓடியது. பிறகு நெல்லித்தோப்பு சிக்னலில் மறுபடி ‘டங்’. வாக்கியம் பாதியில் அறுந்தது. இறங்கி, இடுப்பைப் பிடித்தபடி ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.

மறுபடி கழற்றினோம். கிரீஸெல்லாம் சுழற்சியில் சிதறி உறையின் சுவரில் அப்பிக் கிடந்தது. தண்டும் பின்சக்கரத்தின் கியர் பெட்டியும் பல்லோடு பல் கோத்துக்கொள்ளும் இடத்தில் வெறும் வறண்ட செந்தூள்.

“இன்னா பாய், படகுன்னியே?”

“படகு தண்ணியில போவுது. உன் வண்டி ரோட்டுல குதிக்குது. நான் இன்னா பண்ண?”

இந்த முறை பெட்ரோலில் கழுவி, ஒவ்வொரு பல்லிலும் கறுப்பு கிரீஸை மெல்லிசாகத் தடவினோம். பெட்டிக்குள் தார் போலக் கெட்டியாகியிருந்த கியர் ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றினோம். சரிபார்க்க பாய் தன் முழு உடம்போடும் பின்னால் ஏறினார். கடற்கரைப் பக்கம் திரும்புவதற்குள் கத்த ஆரம்பித்துவிட்டார்.

“ஆக்ஸிலேட்டர பட்டுனு மூடாத மாமா! குழாய் மூடுறியா, வண்டி ஓட்டுறியா? பாதி உதறு உன் கையிலதான் இருக்கு!”

சுருக்கென்றது. ஆனாலும் மெதுவாக விட்டுப் பார்த்தேன். தேய்ந்த பல் தேய்ந்ததுதான். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே விழுந்த சிறு இடைவெளி இனி மூடாது. கை பொறுத்தால் அதை அலுங்காமல் கடக்கலாம். என் கைக்குப் பொறுமை தெரியாது. கதவோ புத்தகமோ, பட்டென்று திறக்கும், பட்டென்று மூடும். இத்தனை வருடம் அவள் அதன் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள்.

“இதான் கடைசி தடவை” என்று சொல்லித்தான் மறுநாள் ஏறினாள். நெல்லித்தோப்பு வரை பேச்சில்லை. சிக்னலில் மணிக்கட்டைத் தளர்த்தித் தளர்த்தி விட்டேன். வண்டி ஒரு பெருமூச்சோடு நின்றது. பச்சை விழுந்ததும் தண்ணீர் போல நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் கழுத்தில் வெதுவெதுப்பு: “எங்க ஸ்டாஃப் ரூம்ல ஒரு கூத்து தெரியுமா...”

கூத்து பாதியில் இருக்கையில் பள்ளிக்கூடம் வந்துவிட்டது. இறங்கிப் புடவையைச் சரிசெய்தாள். கை இடுப்புக்குப் போகவில்லை.

“அப்புறம் இன்னா ஆச்சு?” என்றேன்.

“நாளைக்குச் சொல்றேன். கொஞ்சம் சீக்கிரமா கெளம்புங்க, இப்படி மாட்டு வண்டி மாதிரி ஓட்டுனா எனக்கு பெல் அடிச்சிடும்.”