மொய் நோட்டில் ஒரு வெற்று வரி

அன்று அந்த ஆபீஸ் வாசலில் இருந்தவர்கள் ஒன்பது பெண்கள். கூட ஒரு மேளக்காரர். எல்லோருக்கும் முன்னால் நின்றவள் என் அண்ணி. அண்ணன் இல்லை. அவர் செங்குன்றம் பக்கம் ஒரு சூளையில் செங்கல்லுக்கு மண் மிதித்துக்கொண்டிருந்தார். நானும் இல்லை. அண்ணன் வராததற்குக் காரணம் பிழைப்பு. நான் வராததற்குக் காரணம் வெட்கம். என் மேஜை இழுப்பறையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியது. அதைத் திறக்கும்போதெல்லாம் இதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது: யார் இருந்தார்கள், யார் இல்லை.

பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் அந்த வருடம் மண் மூடிப் போயிற்று. கடல் தண்ணீர் உள்ளே வந்தால்தான் இறால் குஞ்சு வரும், எங்கள் குப்பத்தில் அடுப்பு எரியும். வெயில் ஏற ஏற ஏரி வற்றியது. மிச்சத் தண்ணீரில் உப்பு ஏறி, மடவை மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கரையில் ஒதுங்கின. மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தோம். காலையில் வெட்டியதைச் சாயங்காலத்துக்குள் அலை மூடிற்று. இயந்திரம் வேண்டும்; அதற்கு டவுன் ஆபீஸில் இருக்கும் அதிகாரியின் கையெழுத்து வேண்டும். ஆண்கள் ஒவ்வொருவராக வெளியூர் போனார்கள். அண்ணன் போனபோது அவருக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. வழி திறந்தால் அவர் வீடு திரும்புவார். இல்லையென்றால் அண்ணியும் சூளைக்குப் போக வேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்போது டவுன் கல்லூரியில் இரண்டாம் வருடம். ஆறு மனு எழுதினேன். ‘மேற்படி முகத்துவாரமானது’ என்று ஆரம்பிக்கும். அடியில் நைனா கட்டைவிரல் வைப்பார். பதில் ஒன்றுக்கும் வரவில்லை. ஏழாவதை எழுதிக்கொண்டிருந்தபோது அண்ணி, “இன்னா காலேஜு, படி, நாங்களும் கேக்கறோம்” என்றாள். படித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இம்மாந்தூரம் எயுதிக்கிறியே, இதுல ஒரு இறாலாவது உயிரோட கீதா?” என்றாள். கருவாடு காய வைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிப் போயிற்று.

அந்தச் சிரிப்பிலிருந்துதான் யோசனை பிறந்தது. “பொண்ணு ஏரி, மாப்ள கடலு. நடுவுல மண்ணு. கல்யாணம் எப்டிடி நடக்கும்? வாங்க, சீர் எடுத்துனு ஆபீஸுக்குப் போலாம்” என்றாள் அண்ணி. ஒன்பது தாம்பாளம், ஒவ்வொன்றிலும் முகத்துவாரத்து மண், மேலே பட்டுத்துணி மூடி, பூ வைத்து. என் பக்கம் திரும்பி, “நீ வாசல்ல உக்காந்து மொய் எயுது தம்பி. இந்தக் குப்பத்துலயே அயகா எயுதறவன் நீதான்” என்றாள்.

“நான் படிக்கிறவன் அண்ணி. கோமாளி இல்ல.”

அவள் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே, “சரி, கோமாளிங்க நாங்க போறோம்” என்றாள்.

அவர்களுக்கு அந்தச் சிரிப்பு சும்மா வந்துவிடவில்லை. போவதற்கு முதல் நாள் சாயங்காலம் நலங்குப் பாட்டைப் பாடிப் பார்த்தபோது ஒருத்தி பாதியில் உடைந்து அழுதுவிட்டாள். அவள் மகளுக்குப் பேசி வைத்த கல்யாணம் அந்த வருடம் நின்றுபோயிருந்தது. அண்ணி அவள் கையைக் கிள்ளி, “அயுதா வெளிய நிக்க வெச்சிப் பேசுவாங்க. சிரிச்சா உள்ள கூப்புடுவாங்க. பாடு” என்றாள். வீட்டுக்குள் புத்தகத்தோடு உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதும் நான் எழுந்து போகவில்லை.

மறுநாள் மேளம் எங்கள் கல்லூரித் தெரு வழியாகத்தான் போயிற்று. பக்கத்தில் இருந்தவன், “யார் வூட்டுக் கல்யாணம்?” என்று கேட்டான். தெரியாது என்று சொல்லிவிட்டு, எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.

பிறகு நடந்தது அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூடிய தாம்பாளங்களில் பலகாரம் என்று நினைத்து பியூன் கதவை அகலத் திறந்துவிட்டானாம். வரிசையாக வைத்துத் துணியை எடுத்தார்கள். மண்ணைப் பார்த்ததும் ஆபீஸே சிரித்தது. அதிகாரி வெளியே வந்தார். “பொண்ணுக்குத் தாய்மாமன் நீங்கதான் சார். இந்த மண்ண எடுத்துக் குடுத்தா கல்யாணம் நடக்கும்” என்று அண்ணி சொன்னதற்கு அவரும் சிரித்தார். “இல்லாட்டி பொண்ணு எங்க வூட்டுலயே செத்துப்பூடும் சார்” என்று அவள் முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி அவர்களை உட்காரச் சொன்னார். என் ஆறு மனுக்களும் காகிதக் கட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தது அன்றைக்குத்தான்.

இரண்டு வாரத்தில் இயந்திரம் வந்தது. கடல் உள்ளே புகுந்த மறுமாதம் அண்ணன் வந்து சேர்ந்தார், செம்மண் தூசியில் பிடித்த இருமலோடு. அந்த இருமல் இன்னும் போகவில்லை.

அனுமதி வாங்காமல் மேளம் கொட்டி ஊர்வலம் போனதற்கு வழக்கும் வந்தது. கூலிக்கு வந்தவர் என்று மேளக்காரரை விட்டுவிட்டார்கள்; பெண்கள் ஒன்பது பேருக்கும் ஆளுக்கு இருபது ரூபாய் அபராதம். அன்று கோர்ட்டுக்கு நான் போனேன். அண்ணி மஞ்சள் தடவிய நோட்டை என் கையில் கொடுத்து, “இப்பவாவது எயுது” என்றாள். பணம் கட்டுமிடத்தில் ஒவ்வொருத்தியும் இருபத்தொரு ரூபாய் நீட்டினாள். குமாஸ்தாவுக்குப் புரியவில்லை.

“மொய்யினா ஒண்ணு சேத்துதான் வெப்போம் சார்” என்றாள் அண்ணி.

“இது அபராதம்மா. இருபதுதான் வாங்குவேன்.”

ஒன்பது பேருக்கும் அந்த ஒற்றை ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான். அழுத பெண் மட்டும், திரும்பி வந்த ரூபாயை முந்தானையில் மூன்று முடிச்சுப் போட்டு முடிந்துகொண்டாள். நான் பத்தாவது வரியில் என் பெயரை எழுதிவிட்டுச் சட்டைப்பையில் கை விட்டேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “கல்யாணத்துக்கே வராதவன் இன்னா மொய் வெக்கிறது?” சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

இப்போது நானே ஓர் ஆபீஸில் மனுக்களை வாங்கி முத்திரை குத்துகிறேன். இந்த வருடம் முகத்துவாரம் மறுபடியும் மூடிவிட்டது. போன வாரம் ஊருக்குப் போனபோது, திரும்பவும் சீர் எடுத்துப் போகலாமா என்று அண்ணியிடம் கேட்டேன். “ஒரே பொண்ணுக்கு எத்தினி தரம் தம்பி கல்யாணம்?” என்றாள். உள்ளே அண்ணன் இருமும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, “வேற எதுனா ரோசிக்கணும். நீ வரியா?” என்றாள். வருகிறேன் என்றேன். என் வேலை என்ன ஆகும் என்பதை இருவருமே பேசவில்லை.

திரும்பி வந்து நோட்டைத் திறந்தேன். ஒன்பது பெயர்கள், எதிரே இருபது இருபதாக. பத்தாவது என் பெயர், எதிரே ஒன்றும் இல்லை. கீழே கோடு போட்டு நான் அன்று எழுதியது: மொத்தம் ரூ. 180.